அபே ரோடு: ஒரு வீட்டுக் கொல்லையில் எழும்பிய மூன்று கூடங்கள்

ரெக்கார்டிங் ஸ்டூடியோ என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது ஒரே காட்சிதான். நூற்றுக்கணக்கான பட்டன்கள் வைத்த ஒரு நீள மேசை, அதன் முன்னால் கண்ணை மூடித் தலையாட்டும் ஒரு எஞ்சினியர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடும் ஒருவர். காட்சியில் தப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த மேசைதான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். ஸ்டூடியோ என்பது முதலில் ஒரு கூடம், மெஷின் அப்புறம்தான். இதைப் புரியவைக்க லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோதான் வசதி, ஏனென்றால் அங்கே 90 வருடத்துக்கு மேலாக மெஷின்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன, மெழுகுத் தட்டு போய் டேப் வந்து டேப் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கூடங்கள் மட்டும் 1931-ல் எங்கே இருந்தனவோ அங்கேயே இருக்கின்றன.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். புது வீட்டுக்குக் குடிபோகும்போது, சாமான் எதுவும் வந்து இறங்குவதற்கு முன்னால் காலி அறையில் பேசிப் பாருங்கள், குரல் கணீரென்று திரும்பி வரும். கட்டில், மெத்தை, திரை, துணிமணி எல்லாம் வந்து நிரம்பியதும் அதே அறையில் அதே குரல் அடங்கிப்போகும். மைக்குக்கு இந்த வித்தியாசம் நம் காதைவிட நன்றாகத் தெரியும். பாடகரின் வாயிலிருந்து நேராக வருவதை மட்டும் அது எடுப்பதில்லை. சுவரில் மோதி, கூரையில் மோதிக் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும் ஒலியையும் சேர்த்தே எடுக்கிறது. அதனால் எந்தப் பதிவிலும் பாடியவரோடு கூட அந்த அறையும் உட்கார்ந்திருக்கும்.

ஸ்டூடியோவுக்குக் குறைந்தது இரண்டு இடம் வேண்டும். வாத்தியக்காரர்கள் வாசிக்கும் கூடம் ஒன்று, எஞ்சினியர் கேட்கும் கண்ட்ரோல் ரூம் இன்னொன்று. ஏன் பிரிக்க வேண்டும், எல்லாரும் ஒரே இடத்தில் உட்காரக் கூடாதா? உட்காரலாம்தான், ஆனால் டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு டிரம்ஸ்தான் கேட்கும், மைக் வழியாக என்ன போகிறது என்பது கேட்காது. கடைசியில் நம் வீட்டுக்கு வந்து சேரப்போவது மைக் கேட்டதுதானே. அதனால் எஞ்சினியரைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் வருவதை மட்டும் கேட்கச் சொல்கிறார்கள்.

சரி, அபே ரோட்டுக்கு வருவோம். லண்டனில் செயின்ட் ஜான்ஸ் வுட் என்ற பகுதியில், அபே ரோடு 3-ஆம் இலக்கத்தில், 1831-ல் கட்டிய ஒன்பது படுக்கையறை வீடு ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் கில்பர்னில் இருந்த கன்னியர் மடத்துக்குப் போகிற வழி என்பதால் அந்தத் தெருவுக்கு மடத்தின் பெயரே நிலைத்துவிட்டது. 1929-ல் கிராமபோன் கம்பெனி அந்த வீட்டை வாங்கியது. குழாய் முன்னால் உட்கார்ந்து காது கொடுக்கும் நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டு நினைவிருக்கிறதா, அதே கம்பெனிதான். அவர்களுக்கு வீட்டைவிட அதன் பின்னால் இருந்த பெரிய தோட்டத்தின் மீதுதான் கண். முன்பக்க வீட்டை அலுவலகத்துக்கென்று அப்படியே விட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் ஸ்டூடியோக்களைக் கட்டினார்கள். இன்றைக்கும் தெருவிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த, வசதியான ஒரு பழைய டாக்டர் வீடு மாதிரி இருக்கும். நூறு பேர் கொண்ட இசைக்குழு உட்கார்ந்து வாசிக்கும் கூடம் ஒன்று அதன் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

இசைப்பதிவுக்கென்றே திட்டம் போட்டுக் கட்டிய உலகின் முதல் ஸ்டூடியோ என்று இதைச் சொல்வார்கள். கட்டி முடிப்பதற்குள் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியா கம்பெனியும் இணைந்து இ.எம்.ஐ. ஆகிவிட்டன. 1931 நவம்பர் 12 அன்று திறப்பு விழா. அன்று 74 வயதான இங்கிலாந்து இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர், லண்டன் சிம்பொனி இசைக்குழுவை முதலாம் ஸ்டூடியோவில் நடத்தினார், எழுத்தாளர் பெர்னார்ட் ஷா பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். அந்த நிகழ்வின் ஒரு துண்டு பழைய செய்திப்படமாக இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் மனப்பாடமான தன்னுடைய மெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இதுவரை கேட்டதே இல்லை என்பது போல வாசியுங்கள் என்று எல்கர் கேட்டுக்கொள்வது அதில் வரும். அடுத்த வருடமே 75 வயது எல்கரும் 16 வயது வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினும் அதே கூடத்தில், வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோ ஒன்றைப் பதிவு செய்தார்கள்.

அந்தக் காலத்துப் பதிவு எப்படி நடந்தது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். டேப் கிடையாது. கதகதப்பாக வைத்திருந்த தடித்த மெழுகுத் தட்டு ஒன்று சுழலும், ஒலிக்கேற்ப அசையும் ஊசி அதில் வரி கீறிக்கொண்டே போகும். தட்டு ஒரே வேகத்தில் சுழல வேண்டும் என்பதற்காக மோட்டாரை நம்பாமல், சுவர்க்கடிகாரத்தில் இருப்பது போலக் கனமான எடைக்கல்லை மேலேயிருந்து மெதுவாக இறங்கவிட்டு அந்த விசையில் சுற்றவைத்தார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு நாலு நாலரை நிமிடம்தான். அரைமணி நேரச் சிம்பொனி என்றால் அதை நாலு நாலு நிமிடத் துண்டுகளாக வெட்டி வாசிக்க வேண்டும். 3-வது நிமிடத்தில் யாராவது தும்மினால் அந்தத் தட்டு காலி, புதுத் தட்டு வைத்து முதலிலிருந்து ஆரம்பம். எல்லாவற்றிலும் கொடுமை, எடுத்ததை உடனே போட்டுக் கேட்கவும் முடியாது, ஏனென்றால் மெழுகில் ஊசியை ஓட்டினால் வரியே தேய்ந்துபோகும். எழுபது எண்பது பேர் தப்பில்லாமல் வாசித்தார்களா என்பதை எஞ்சினியரின் அந்த நேரத்துக் காதுதான் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இ.எம்.ஐ.யில் வேலை பார்த்த எஞ்சினியர். மனைவியோடு சினிமா பார்க்கப் போனவர், திரையில் நடிகர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனாலும் குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறதே என்று எரிச்சலானார் என்பது அவரைப் பற்றிச் சொல்லும் கதை. 1931 டிசம்பரில் அதற்கான தீர்வுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒலியை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்துத் தரும் முறை, அதுதான் ஸ்டீரியோ. 1934-ல் அபே ரோட்டின் முதலாம் ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மொஸார்ட் சிம்பொனி ஒன்றை அந்த முறையில் பதிவும் செய்து பார்த்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில். ப்ளம்லைன் அதைப் பார்க்கவில்லை, 1942-ல் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து 38 வயதில் இறந்துவிட்டார்.

இனி கூடங்களுக்குள் நுழையலாம்.

முதலாம் ஸ்டூடியோ பெரியது. சுமார் 90 அடி நீளம், 55 அடி அகலம், 40 அடி உயரம். 110 பேர் கொண்ட இசைக்குழுவும் 100 பேர் கோரஸும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம். இங்கே வாத்தியத்தை நிறுத்திய பிறகும் ஒலி இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் அதிகமாகக் காற்றில் நின்று கரைகிறது. வயலின் கூட்டத்துக்கு அது வேண்டும், வில்லும் நரம்பும் உரசும் சத்தத்தின் கூர்மையை மழுக்கி ஒன்றோடொன்று கலந்து கொடுப்பதே அந்த இரண்டு விநாடிதான். வேகமான டிரம்ஸுக்கோ அதுவே எமன், முதல் அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழுந்து எல்லாம் கஞ்சியாகிவிடும்.

ஆனால் இந்தக் கூடம் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். பழைய நாளில் ஒலி ரொம்ப வறட்சியாக இருக்கிறது என்று இசைக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைச் சரிசெய்யச் சுவர்களில் சுமார் 100 ஸ்பீக்கர்களை மாட்டி, வாசிப்பதையே துளித் தாமதத்தோடு கூடத்துக்குள் திருப்பி அனுப்பி, இல்லாத எதிரொலியை இருப்பது போலக் காட்டினார்கள். சுவருக்கு நடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஸ்டூடியோதான் பீட்டில்ஸ் என்ற நால்வர் பாட்டுக்குழுவின் கூடம். சுமார் 60 அடிக்கு 38 அடி, உயரம் 24 அடி. எதிரொலி முதலாம் ஸ்டூடியோவில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. மரத்தரை, வெள்ளைச் சுவர், அந்தச் சுவர்களில் கடற்பாசி அடைத்த நீளமான மெத்தைகள் தொங்கும், அதிக எதிரொலியை உறிஞ்சுவதற்காக. இந்தக் கூடத்தின் விசேஷம் கண்ட்ரோல் ரூம் மாடியில் இருப்பது. ஜன்னல் வழியே எஞ்சினியர் கீழே வாத்தியக்காரர்களைப் பார்ப்பார், கீழே இருப்பவர்கள் தாங்கள் வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் மரப்படி ஏறி மேலே வர வேண்டும். கேட்க ஏதோ சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் 1960-களின் தொடக்கத்தில் டெக்னிக்கல் எஞ்சினியர்கள் ஆய்வுக்கூடத்தில் போல வெள்ளைக் கோட்டு, மற்றவர்கள் கழுத்தில் டை என்று நடமாடிய இடம் இது. மேலே கம்பெனி, கீழே கலைஞர்கள் என்ற அந்தக் காலத்து மரியாதைக் கணக்கை அந்தப் படிக்கட்டு தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்திருக்கும். ஓரிரண்டு வருடத்தில் பீட்டில்ஸ்காரர்கள் அந்தப் படியில் ஏறி இறங்கியே வழக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை.

1963 பிப்ரவரி 11 அன்று, காலையில் வந்தவர்கள் ராத்திரி பதினொரு மணி ஆவதற்குள் முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாடல்களை இந்தக் கூடத்தில் முடித்தார்கள். குழுவின் பாடகர்களில் ஒருவரான ஜான் லெனனுக்குச் சளி, தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. அதனால் கத்திப் பாட வேண்டிய பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்து, மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, பாலைக் குடித்துவிட்டுப் பாடினார். முதல் டேக்கே ஆல்பத்தில் இருக்கிறது, அடுத்த டேக்குக்குக் குரல் இல்லை.

அந்தக் கூடத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. அதுதான் எக்கோ சேம்பர். எனக்கு அபே ரோட்டிலேயே ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், அப்புறம் செங்குத்தாக நிறுத்தி வைத்த பளபளப்பான சாக்கடைக் குழாய்கள்! கண்ட்ரோல் ரூமிலிருந்து பாடகரின் குரலை இந்த அறையின் ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள். அது குழாய்களிலும் சுவர்களிலும் மோதிச் சிதறி எதிரொலிக்கும், அதை மைக் பிடித்து மேலே அனுப்பும், எஞ்சினியர் அசல் குரலோடு அதில் வேண்டிய அளவு கலந்துகொள்வார். இன்றைக்கு மொபைல் ஆப்பில் ரீவெர்ப் என்று ஒரு பட்டனைத் தட்டுகிறோமே, அந்த பட்டனின் கொள்ளுத்தாத்தா இப்படி ஒரு நிஜ அறையாகத்தான் இருந்தார்.

டேப் வந்த கதைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மானியர்களின் டேப் மெஷினைப் பார்த்துப் படித்து இ.எம்.ஐ. சொந்தமாகச் செய்துகொண்டது. முக்கியம் என்னவென்றால், டேப்பில் தடங்களைப் பிரிக்கலாம். 1963-ன் தொடக்கத்தில் இரண்டு ட்ராக், ஒன்றில் வாத்தியம், ஒன்றில் குரல். அந்த வருடக் கடைசிக்குள் நாலு ட்ராக். 1967-ல் வந்த பீட்டில்ஸின் சார்ஜன்ட் பெப்பர் ஆல்பம் முழுக்க நாலு ட்ராக் மெஷினில்தான் செய்தார்கள், அவ்வளவு வாத்தியங்களும் நாலே தடத்தில் எப்படி அடங்கின என்றால், நாலும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினின் ஒரு தடத்திலோ இரண்டிலோ இறக்கிவிடுவார்கள், மீதித் தடங்கள் மறுபடி காலி. ஒருமுறை கலந்தால் கலந்ததுதான், நாளைக்கு மனசு மாறி டிரம்ஸை மட்டும் குறைக்க வேண்டும் என்றால் நடக்காது. நூறு ட்ராக் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாமல் தள்ளிப்போடும் நமக்கு அந்த நெருக்கடி கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

சோம்பேறித்தனமும் இங்கே கண்டுபிடிப்பாகியிருக்கிறது. குரல் தடிப்பாகக் கேட்க வேண்டுமென்றால் ஒரே பாட்டை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். லெனனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1966-ல் கென் டவுன்சென்ட் என்ற டெக்னிக்கல் எஞ்சினியர், பாடிய குரலை இரண்டாவது டேப் மெஷினுக்கு அனுப்பி, அதன் வேகத்தை இழுத்துப் பிடித்து, விநாடியில் நூறில் சில பங்கு தள்ளி அசலோடு சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். பாடகர் ஒரே தடவை பாடினால் போதும். ஏ.டி.டி., அதாவது செயற்கையாகக் குரலை இரட்டிப்பது, என்ற பெயரில் அது உலகமெல்லாம் பரவிவிட்டது.

மூன்றாம் ஸ்டூடியோ சின்னது, நாலைந்து பேர் கொண்ட குழுவுக்குத் தோதானது. 1967-ல் பீட்டில்ஸ் பக்கத்துக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த அதே மாதங்களில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற புதுப் பையன்கள் இங்கே முதல் ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களே பெரிய ஆட்களாகி 1972, 73-ல் டார்க் சைட் ஆஃப் த மூன் ஆல்பத்தை அபே ரோட்டில் பதிவு செய்தபோது, கட்டடத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு அவர்கள் பேச்சைப் பதிந்துகொண்டார்கள். அந்த ஆல்பத்தில் கேட்கும் குரல்களில் ஒன்று ஸ்டூடியோ வாசலில் நின்ற காவலாளியுடையது.

முதலாம் ஸ்டூடியோ மாதிரி பெரிய இசைக்குழுக் கூடத்துக்கு 1970-களின் முடிவில் வேலை குறைந்தது. கைகொடுத்தது சினிமா. 1980 முதல் திரைப்படப் பின்னணி இசை முதலாம் ஸ்டூடியோவுக்கு வந்தது, திரையில் படத்தை ஓடவிட்டு இசைக்குழு வாசிக்கும். ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படம் அப்படி அங்கே பதிவானதுதான். எல்கர் நின்ற இடத்தில் இன்றைக்கும் நிறைய நேரம் சினிமாக்காரர்கள்தான் நிற்கிறார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1969 வரை இந்த இடத்தின் பெயர் வெறும் இ.எம்.ஐ. ஸ்டூடியோஸ். பீட்டில்ஸ் அந்த வருட ஆல்பத்துக்கு முதலில் வைக்க நினைத்த பெயர் எவரெஸ்ட், அவர்களுடைய எஞ்சினியர் ஜெஃப் எமரிக் பிடித்த சிகரெட்டின் பெயர் அது. அட்டைப்படம் எடுக்க இமயமலைக்குப் போவதா என்றுகூடப் பேச்சு வந்தது. யாருக்கும் அவ்வளவு தூரம் போக மனமில்லை, வாசலுக்கு வந்து தெருவைக் கடந்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று, போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்திவைக்க, புகைப்படக்காரர் இயன் மேக்மிலன் ஏணிமேல் ஏறி நின்று பத்து நிமிடத்தில் ஆறு படம் எடுத்தார். அதில் ஐந்தாவதுதான் நமக்கெல்லாம் தெரிந்த அட்டை. ஆல்பத்துக்குத் தெருவின் பெயர், ஆல்பம் பிரபலமானதும் ஸ்டூடியோவுக்கு ஆல்பத்தின் பெயர். 2010-ல் கட்டடம், அந்தக் குறுக்குக்கோடு போட்ட நடைபாதை இரண்டையுமே பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். 2012-லிருந்து ஸ்டூடியோ யுனிவர்சல் மியூசிக் கையில் இருக்கிறது.

போய்ப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இறங்க வேண்டியது செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷனில். லண்டனின் கிழக்கு மூலையில் அபே ரோடு என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, பெயரை நம்பி அங்கே இறங்கி முழிப்பவர்கள் உண்டு. சரியான இடத்தில் இறங்கினாலும் வெள்ளை மதில், அதில் ரசிகர்களின் கிறுக்கல், நடைபாதை, இவ்வளவுதான் பார்க்கக் கிடைக்கும். இன்னும் வேலை நடக்கும் ஸ்டூடியோ என்பதால் சாதாரண நாளில் உள்ளே விடமாட்டார்கள்.

அதனால் கூடத்தை வீட்டிலேயே கேட்டுவிடுவது நல்லது. சார்ஜன்ட் பெப்பர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டை நல்ல ஹெட்போனில் போடுங்கள். நடுவில் இசைக்குழு கீழிருந்து மேலே பொங்கி ஏறும் இடம் வரும், அது முதலாம் ஸ்டூடியோ, 40 வாத்தியக்காரர்கள். பாட்டு முடியும் இடத்தில் பியானோவில் பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அழுத்தும் ஒரே ஒரு பெரிய கார்டு விழும், அது இரண்டாம் ஸ்டூடியோ, பல பியானோக்களில் ஒரே நேரத்தில் பல கைகள். அந்த ஒலி 40 விநாடிக்கு மேல் நிற்கும். பியானோ ஒலி தேயத் தேய மாடியில் எஞ்சினியர் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் மைக்குகள் முழுக்கத் திறந்து கிடந்தன, பியானோவோ அநேகமாக அடங்கிவிட்டது, மிச்சம் கேட்பது கூடத்தின் மூச்சு மட்டும்தான். வால்யூமைக் கூட்டிவைத்துக்கொண்டு அசையாமல் கேளுங்கள், முடிவதற்குச் சற்று முன்னால் யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி ஒன்று லேசாகக் கிறீச்சிடும்.